தொழிலாளிக்கு டேக்ஸ் கிரெடிட் பற்றி எப்படிச் சொல்வது: தாளா, போஸ்டரா, வாட்ஸ்அப்பா, கூடவே போவதா?

அமெரிக்காவில் ஓட்டல், மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், டேகேர் நடத்தும் நம்மவர்கள் ஜனவரி பிறந்து, வருடச் சம்பளக் கணக்குத் தாளான டபிள்யூ-2வைத் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் நேரம் வந்தால் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள். "டபிள்யூ-2 கூட ஏதோ நோட்டீஸ் கொடுக்கணுமாமே, அது போதுமா?" "சமையற்கட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டினால் ஆகாதா?" "வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டுவிட்டேன், முடிந்தது இல்லையா?" வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கும் ஐடி தம்பதிகளுக்கும் இதில் கடமை உண்டு. அதை அவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

விஷயம் இஐடிசி (எர்ன்டு இன்கம் டேக்ஸ் கிரெடிட்) எனப்படும் ஃபெடரல் டேக்ஸ் கிரெடிட், அதாவது மத்திய அரசு வருமான வரியில் தரும் சலுகை பற்றியது. குறைந்த, நடுத்தர சம்பளத்தில் உழைப்பவர்களுக்காக 1975இல் வந்தது. கட்ட வேண்டிய வரியைவிடக் கிரெடிட் அதிகமாக இருந்தால் மீதி ரீஃபண்டாகக் கைக்கு வந்துவிடும். வரியே கட்ட வேண்டியிராதவருக்கும் வரும். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும், தானாக வராது. தகுதி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் இதைக் கேட்டு வாங்குவதில்லை என்பது ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் சொந்தக் கணக்கு.

எவ்வளவு பணம் என்று தெரிந்தால்தான் எந்த வழிக்கு எவ்வளவு சிரமப்படலாம் என்று முடிவு செய்ய முடியும். மணிக்கு 16 டாலரில் வருடம் முழுக்க, வாரம் 40 மணி நேரம் வேலை செய்கிற ஒரு சமையல்காரரை எடுத்துக்கொள்வோம். வருட சம்பளம் 33,280 டாலர். துணை இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். 2025ஆம் வருட வருமானத்துக்கு அவருக்கு இஐடிசி மட்டும் ஏறக்குறைய 5,060 டாலர். குழந்தைகளுக்கான சைல்டு டேக்ஸ் கிரெடிட்டில் அவருடைய வருமான வரி கழிந்ததுபோக 3,400 டாலர் ரீஃபண்டாக வரும். சம்பளத்திலிருந்து ஏற்கெனவே பிடித்த வருமான வரியும் திரும்பும். நியூ ஜெர்சியில் இருந்தால் மாநிலம் தன் பங்குக்கு ஃபெடரல் இஐடிசியில் 40 சதவீதம் தருகிறது, அது இன்னொரு 2,000 டாலர். எல்லாம் சேர்த்தால் நான்கு மாத சம்பளத்துக்குப் பக்கத்தில் வருகிறது. இதை நம்பித்தான் பலர் பழைய காரை மாற்றுகிறார்கள், வாடகை அட்வான்ஸ் கட்டுகிறார்கள்.

பிள்ளை இல்லாதவருக்கு இதே இஐடிசி 2025க்கு அதிகபட்சம் 649 டாலர்தான். ஒரு பிள்ளைக்கு 4,328, இரண்டுக்கு 7,152, மூன்றும் அதற்கு மேலும் 8,046 என்பது உச்சம். வருமான வரம்பு ஒற்றை ஆளுக்கு, மூன்று பிள்ளைகள் இருந்தால், 61,555 டாலர் வரை போகிறது. ஆகவே "எங்கள் ஆட்கள் ஒன்றும் அவ்வளவு ஏழை இல்லையே" என்று ஷிஃப்ட் மேனேஜரை விட்டுவிட வேண்டாம். அவரும் இதற்குள் வரலாம்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தப் பணம் முதலாளி பாக்கெட்டிலிருந்து போவதில்லை. முழுக்க அரசாங்கக் கஜானாவிலிருந்து வருவது.

## எதை வைத்து எடைபோடுவது

என் கணக்கில் ஐந்து கேள்விகள். சட்டத்தின் கடமை தீர்கிறதா? செய்தி போய்ச் சேர வேண்டியவருக்குப் புரிகிற மொழியில் போகிறதா? கேட்டவர் உண்மையில் ரிட்டர்ன் போடுகிறாரா? முதலாளிக்குப் பணமும் நேரமும் எவ்வளவு ஆகிறது? தொழிலாளியின் குடும்ப விஷயத்தில் நாம் மூக்கை நுழைக்கும் ஆபத்து உண்டா?

இவற்றில் மூன்றாவதுதான் கனமானது, அதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. இதைப் பற்றி நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று முரண்படுகிற மாதிரி முதலில் தோன்றும். சௌரப் பார்கவா, தயானந்த் மனோலி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஐஆர்எஸ்ஸுடன் சேர்ந்து கலிஃபோர்னியாவில் 35,050 பேருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். இவர்கள் ரிட்டர்ன் போட்டும் இஐடிசி கேட்காமல் விட்டவர்கள், முதல் நினைவூட்டலுக்கும் அசையாதவர்கள். கடிதத்தை எளிமையாக்கி, எவ்வளவு பணம் கிடைக்கலாம் என்பதையும் கண்ணில் படும்படி போட்டபோது கணிசமானவர்கள் பதில் அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். 2015இல் இது வெளியானது.

அப்புறம் 2022இல் இன்னொரு குழு, அதே கலிஃபோர்னியாவில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதமும் எஸ்எம்எஸ்ஸுமாக ஆறு சோதனைகள் செய்து வெளியிட்டது. வாசகத்தை மாற்றினார்கள், அனுப்புபவரை மாற்றினார்கள். ரிட்டர்ன் போடுபவர்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. முதலாளிகள் கட்டாயம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சில மாநிலங்கள் போட்ட சட்டங்களை 2019இல் ஆராய்ந்தவர்களும் அவற்றால் சொல்லும்படியான பலன் இல்லை என்றே கண்டார்கள்.

முரண் ஒன்றும் இல்லை. முதல் கூட்டம் ஏற்கெனவே ரிட்டர்ன் போட்டுவிட்டது, ஒரு தாளை நிரப்பி அனுப்பினால் போதும். இரண்டாவது கூட்டம் ரிட்டர்ன் பக்கமே போகாதது. இந்தியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்து, வரி என்றாலே வம்பு என்று நினைப்பவர்கள், போன வருடம் ஏமாந்தவர்கள், எங்கே போவது என்றே தெரியாதவர்கள் எல்லாம் அதில் உண்டு. அவர்களுக்குத் தாள் போதாது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யோசிக்கிற முதலாளி முதலில் தன் ஆட்கள் இந்த இரண்டில் எந்தக் கூட்டம் என்று பார்க்க வேண்டும்.

## வழி ஒன்று: டபிள்யூ-2வின் பின்பக்கமும் நோட்டீஸ் 797உம்

இது சட்டத்தின் குறைந்தபட்சம். வருடத்தில் எப்போதாவது உங்களிடம் வேலை செய்து, சம்பளத்தில் ஃபெடரல் வருமான வரி எதுவுமே பிடிக்கப்படாத ஒவ்வொருவருக்கும் இஐடிசி பற்றி எழுத்தில் சொல்ல வேண்டும். வரிப் பிடித்தம் பற்றி முதலாளிக்குத் தரும் டபிள்யூ-4 படிவத்தில் விலக்குக் கேட்டு எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் தேவையில்லை. ஐஆர்எஸ்ஸின் அச்சடித்த டபிள்யூ-2வில் தொழிலாளிக்குரிய பி நகலின் பின்பக்கத்திலேயே அந்த வாசகம் இருக்கிறது. அதை நேரத்துக்குக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. பேரோல் கம்பெனி அச்சடிக்கும் மாற்று டபிள்யூ-2வில் அந்த வாசகம் இல்லையென்றால், கொடுத்த ஒரு வாரத்துக்குள் நோட்டீஸ் 797 என்ற தாளையோ அதே வாசகத்தைக் கொண்ட உங்கள் கடிதத்தையோ சேர்க்க வேண்டும். டபிள்யூ-2 கொடுக்கவே தேவையில்லாத ஆளாக இருந்தால் பிப்ரவரி 7 கெடு.

கையில் நேரடியாகக் கொடுக்க வேண்டும், அல்லது கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு முதல் வகுப்புத் தபாலில் அனுப்ப வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் போகின்றன. டெக்ஸாஸில் மார்ச் 1க்குள் தொழிலாளர்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் டபிள்யூ-2 கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை நேரம். நியூ ஜெர்சி, ஆரிகன் மாநிலங்களுக்கும் தனி விதிகள் உண்டு. உங்கள் மாநிலத் தொழிலாளர் துறைப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மறைந்திருக்கும் குறை வேறு. டபிள்யூ-2வை இப்போது பலர் ஆன்லைனில் எடுக்கிறார்கள். முன்பக்கத்தைப் போனில் படம் பிடித்து டேக்ஸ் போடுபவருக்கு அனுப்பிவிட்டால் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அது சட்ட ஆங்கிலம். இன்னொன்று, வரி துளி பிடிக்கப்பட்டிருந்தாலும் ஃபெடரல் நோட்டீஸ் கடமை விழாது. நம் சமையல்காரருக்கு வாரம் இருபது டாலர் பிடித்திருந்தால் அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அவருக்கு வர வேண்டிய 5,000 டாலரோ அப்படியே இருக்கிறது.

ஆள் எல்லாரும் வருடா வருடம் ஒழுங்காக ரிட்டர்ன் போடுகிற இடம் என்றால் இந்த வழி போதும். இன்றைய சாஃப்ட்வேர்கள் இஐடிசியைத் தானே கேட்டுவிடும்.

## வழி இரண்டு: சுவரில் போஸ்டர்

எல்லாருக்கும் பிடித்த வழி, ஏனென்றால் ஒரு தடவை ஒட்டினால் மறந்துவிடலாம். நோட்டீஸ் 797 தெளிவாகவே சொல்கிறது: தகவல் பலகையில் ஒட்டுவது கடமையைத் தீர்க்காது, ஆனாலும் ஒட்டலாம். கலிஃபோர்னியாவும் டெக்ஸாஸும் அப்படியே. வர்ஜீனியா மாதிரி போஸ்டரைத் தனியாகக் கேட்கிற மாநிலமும் உண்டு.

குறைந்தபட்சக் கூலி, பாதுகாப்பு, சிக் லீவ் என்று ஏற்கெனவே ஏழெட்டு போஸ்டர் இருக்கிற சுவரில் ஒன்பதாவதை யார் படிப்பார்கள்? ஐஆர்எஸ் வாசகத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஸ்பானிஷிலோ தமிழிலோ பெரிய எழுத்தில் தொகைகளையும் பக்கத்து இலவச டேக்ஸ் மையத்தின் முகவரியையும் எழுதி டைம் கிளாக் பக்கத்தில் ஒட்டினால் ஓரளவு பயன் உண்டு. மற்ற வழிகளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

## வழி மூன்று: வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், ஈமெயில்

வேகமானது, செலவில்லாதது, மொழிபெயர்த்தும் அனுப்பலாம். சொந்த மொழியில் ஒரு நிமிட குரல் செய்தி, ஆங்கிலத் தாளைவிட நூறு மடங்கு மேல் என்பது என் அபிப்பிராயம். சட்டக் கடமைக்கு இதை நம்ப வேண்டாம். டெக்ஸாஸ் ஈமெயிலை ஏற்கிறது, கலிஃபோர்னியா தொழிலாளி முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் ஏற்கிறது, ஃபெடரல் விதியோ கையில் கொடு அல்லது தபாலில் அனுப்பு என்கிறது.

மறைந்த செலவு நம்பிக்கை. "5,000 டாலர் கிடைக்கும், இந்த லிங்க்கை அழுத்து" என்று வரும் செய்தியைப் பார்த்தால் எனக்கே மோசடி என்றுதான் தோன்றும். உண்மையிலேயே அப்படி ஏமாற்றுபவர்கள் வரி சீசனில் அலைகிறார்கள். லிங்க் வேண்டாம். முகவரி, நேரம், எடுத்துப்போக வேண்டிய தாள்கள் மட்டும் போடுங்கள். நேரில் ஒரு முறை சொன்ன பிறகு நினைவூட்டலாக அனுப்பினால் இது நன்றாக வேலை செய்யும்.

## வழி நான்கு: நேரில் உட்கார்ந்து சொல்வது

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம், எல்லாரையும் சேர்த்து. அது எப்படி இருக்கலாம் என்றால்:

"அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். நீங்க டேக்ஸ் ரிட்டர்ன் போட்டா சிலருக்கு அரசாங்கத்திலேருந்து பணம் வரும். பிள்ளை இருந்தா ஆயிரக்கணக்கில வரலாம். உங்க வீட்டு விவரம் எதுவும் எனக்கு வேண்டாம். இந்தத் தாள்ல இடம் போட்டிருக்கு, இலவசம், அங்க கேளுங்க. போன வருஷம் போடாம விட்டிருந்தாலும் கேக்கலாம், மூணு வருஷம் வரை பின்னாடி போய் வாங்கலாம்."

எல்லாருக்கும் ஒரே பேச்சு என்பதுதான் இதன் உயிர். "உனக்குத்தான் மூணு பிள்ளை ஆச்சே, நீ போ" என்று ஒருவரைச் சுட்டிச் சொன்னால் இரண்டு தப்பு. துணையின் சம்பளம், பிள்ளை வருடத்தில் பாதிக்கு மேல் யாரோடு இருந்தது, சோஷியல் செக்யூரிட்டி கார்டு எந்த வகை என்பதெல்லாம் தெரியாமல் தகுதியைச் சொல்ல முடியாது. அப்புறம், முதலாளி ஒருவருடைய குடும்பத்தையும் விசா நிலையையும் பற்றிக் கேள்வி கேட்பது பின்னால் பாரபட்ச வழக்காக வளரலாம். தகுதி பார்ப்பது உங்கள் வேலை இல்லை, வழியைக் காட்டுவது மட்டும்தான்.

தப்பான வாக்குறுதி தொழிலாளியைத்தான் அடிக்கும். அலட்சியமாகத் தவறாகக் கேட்டதாக ஐஆர்எஸ் முடிவு செய்தால் இரண்டு வருடமும், ஏமாற்று என்றால் பத்து வருடமும் இஐடிசி கேட்கத் தடை உண்டு.

இந்த வழி சிறிய கடைக்கு மிகப் பொருத்தம். பேச்சோடு நின்றால் மட்டும் பாதிப் பேர் "சரி, பார்க்கலாம்" என்று போய்விடுவார்கள். பேச்சு அடுத்த வழிக்கு வாசலாக இருக்க வேண்டும்.

## வழி ஐந்து: விட்டா மையத்துக்கு சம்பளத்தோடு நேரம்

ரிட்டர்ன் போடாத கூட்டத்தை அசைக்கும் என்று எனக்கு நம்பிக்கை உள்ள வழி இது ஒன்றுதான். விட்டா என்பது ஐஆர்எஸ் ஆதரவில் நடக்கும் இலவச ரிட்டர்ன் உதவி. ஐஆர்எஸ் தேர்வில் தேறிய தன்னார்வலர்கள் நூலகத்திலும் சமூகக் கல்லூரியிலும் உட்கார்ந்து போட்டுத் தருவார்கள். பொதுவாக வருட வருமானம் ஒரு வரம்புக்குள் (2025இல் 67,000 டாலர் அளவு) இருப்பவர்களுக்கு. 50 வயதைத் தாண்டியவர்களுக்கான அமைப்பான ஏஏஆர்பி நடத்தும் டாக்ஸ்-எய்ட் மையங்கள் வருமான வரம்பு பார்ப்பதில்லை. 50 வயதைத் தாண்டியவர்கள் மேல் கவனம் என்றாலும் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பக்கத்து மையம் எது என்று தெரிய 211 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தாலே போதும்.

முதலாளி செய்ய வேண்டியது: மூன்று மணி நேரம் சம்பளத்தோடு விடுவது. 16 டாலர் கூலியில் ஒரு ஆளுக்கு 48 டாலர், முதலாளி கட்டும் 7.65 சதவீத பேரோல் வரியும் சேர்த்தால் 52 டாலருக்கு ஒரு சில்லறை குறைவு. இருபது பேருக்கு ஏறக்குறைய 1,030 டாலர். ஒரே ஒரு சமையல்காரருக்கு 8,000 டாலர் கிடைக்கிறது என்று வைத்துப் பாருங்கள், இதைவிட மலிவான போனஸ் எனக்குத் தெரிந்து கிடையாது.

இதிலும் மறைந்த செலவுகள் உண்டு, அவற்றைச் சொல்லாமல் அனுப்பினால் ஆள் பாதி வேலையில் திரும்பி வருவார். கணவனும் மனைவியும் சேர்ந்து போடும் ரிட்டர்ன் என்றால் இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவர் உங்கள் கடையிலும் மற்றவர் வேறொரு வேர்ஹவுஸிலும் இருந்தால் இரண்டு இடத்தில் லீவ் வேண்டும். குடும்பத்தில் எல்லாருடைய சோஷியல் செக்யூரிட்டி கார்டு, போட்டோ ஐடி, எல்லா டபிள்யூ-2க்களும், வங்கிக் கணக்கு எண், முடிந்தால் போன வருட ரிட்டர்ன் எடுத்துப் போக வேண்டும். பிப்ரவரியில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் நிரம்பிவிடும். டாக்ஸி ஓட்டுவது, பக்கத் தொழில் என்று கொஞ்சம் சிக்கலான கணக்கு இருந்தால் சில மையங்கள் எடுக்காது. ஓட்டலில் பிப்ரவரி 14 வார இறுதியில் மூன்று சமையல்காரர்களை வெளியே அனுப்ப முடியாது என்பதும் எனக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்புங்கள்.

ஆட்கள் அதிகமுள்ள ஆஸ்பத்திரி, தொழிற்சாலை போன்ற இடங்கள் விட்டாவை உள்ளேயே ஒரு நாள் உட்கார வைக்க ஏற்பாடு கேட்கலாம். ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு அது ஒத்துவராது. எடிசனில் ஓக் ட்ரீ ரோடு போல வரிசையாகக் கடைகள் இருக்கும் இடத்தில் நான்கு முதலாளிகள் சேர்ந்து, பக்கத்து நூலக மையத்தில் ஒரே காலையில் தங்கள் ஆட்களுக்கெல்லாம் நேரம் கேட்டுப் பார்க்கலாம்.

## வழி ஆறு: கட்டணம் கொடுத்து டேக்ஸ் ஆளை அமர்த்துவது

நல்ல மனதோடு சிலர் இதைச் செய்கிறார்கள். தங்கள் சொந்தக் கணக்காளரான சிபிஏவிடமே ஆட்களையும் அனுப்பிவிடுவார்கள். சிக்கலான கணக்கு உள்ளவருக்கு இது நல்லது. ஆனால் ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும், அந்தக் கட்டணம் பொதுவாகத் தொழிலாளியின் சம்பளமாகக் கணக்கிடப்பட்டு அதற்கும் வரி பிடிக்க வேண்டும். முதலாளியின் கணக்காளரிடம் தன் குடும்ப ரகசியமெல்லாம் போகும் என்று தொழிலாளி தயங்குவதும் இயல்பு.

இதைவிட மோசம், முதலாளி ஒன்றுமே செய்யாமல் விடுவதால் ஆள் தானாகப் போய்ச் சேரும் மூலைக் கடை. ரீஃபண்டில் பங்கு கேட்கிற, ரிட்டர்னில் தன் கையெழுத்தோ ஐஆர்எஸ் பதிவெண்ணோ போடாத ஆளிடம் போக வேண்டாம் என்பதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | சட்டக் கடமை தீருமா | ரிட்டர்ன் போடாதவரை அசைக்குமா | முதலாளிக்குச் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| டபிள்யூ-2, நோட்டீஸ் 797 | தீரும், மாநில விதியைத் தனியாகப் பார்க்கவும் | பெரும்பாலும் இல்லை | சில டாலர் | எல்லாரும் ஒழுங்காக ரிட்டர்ன் போடும் இடம் |
| போஸ்டர் | தீராது | இல்லை | ஒன்றுமில்லை | துணையாக மட்டும் |
| வாட்ஸ்அப், ஈமெயில் | ஃபெடரலுக்கு நம்ப வேண்டாம் | தனியாக இல்லை | ஒன்றுமில்லை | நினைவூட்ட |
| நேரில் பேச்சு | தாளையும் கையில் கொடுத்தால் | கொஞ்சம் | பத்து நிமிடம் | சிறிய கடை |
| விட்டாவுக்கு நேரம் | தாளையும் கொடுத்தால் | ஆம் | ஆளுக்கு 50 டாலர் அளவு | குறைந்த கூலி, பிள்ளை உள்ளவர்கள் அதிகம் |
| கட்டண டேக்ஸ் ஆள் | தாளையும் கொடுத்தால் | ஆம் | ஆளுக்குச் சில நூறு | சிக்கலான கணக்கு |

## எல்லாருக்கும் கிடைக்காது என்பதையும் சொல்லுங்கள்

நம் கடைகளில் இது பெரிய விஷயம், ஆங்கிலக் கையேடுகள் இதை ஓரத்தில் எழுதிவிட்டுப் போய்விடும். ஃபெடரல் இஐடிசிக்கு வேலை செய்யத் தகுதியான சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். சேர்ந்து ரிட்டர்ன் போடும் தம்பதியில் இருவருக்கும் வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு எண் இருந்து, எச்-4 துணை விசாவில் இருக்கும் மனைவிக்கு ஐடின் எண் (சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் வரி எண்) மட்டும் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இஐடிசி கிடையாது. எஃப்-1 மாணவர் விசாவில் படித்து ஓபிடி எனும் வேலை அனுமதியில் வேலை செய்யும் பையன்கள் பெரும்பாலும் வரிச் சட்டப்படி இங்கு வசிப்பவர்களாகக் கணக்கில் வருவதில்லை, அவர்களுக்கும் கிடையாது. பிள்ளை இல்லாதவர்களுக்கு வயது 25க்கும் 64க்கும் இடையில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களின் சொந்த கிரெடிட் ஐடின் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்கிறது, அங்கே கடை வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லத் தவற வேண்டாம். யாரிடமும் "உன் கார்டு எப்படி?" என்று கேட்காமல், விதியைத் தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிடுவது மரியாதை.

கையில் காசாகச் சம்பளம் கொடுத்துக் கணக்கில் காட்டாமல் விடுகிற கடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இஐடிசி உழைத்துச் சம்பாதித்த, கணக்கில் உள்ள வருமானத்தின் மேல் வருவது. டிப்ஸும் காட்டினால்தான் சேரும். முதலாளி தன் ஏழரை சதவீதத்தை மிச்சம் பிடிக்கக் காசாகக் கொடுக்கும்போது தொழிலாளியின் பல ஆயிரம் டாலரை நிரூபிக்க முடியாத பணமாக ஆக்கிவிடுகிறார். அப்படி நடத்துகிற இடத்தில் மேலே சொன்ன ஆறு வழிகளும் வெறும் காகிதம்.

"மாதா மாதம் சம்பளத்தோடு சேர்த்தே கொடுத்துவிட முடியாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. 1979லிருந்து அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது, தொழிலாளி டபிள்யூ-5 படிவம் கொடுத்தால் முதலாளியே ஒரு பகுதியை முன்பணமாகச் சேர்த்துக் கொடுக்கலாம். மிகக் கொஞ்சம் பேர்தான் பயன்படுத்தினார்கள், 2010 முடிவோடு எடுத்துவிட்டார்கள்.

## எந்த முதலாளி எதை எடுக்கலாம்

பத்து பேருக்குள் இருக்கும் ஓட்டல், மளிகைக் கடை என்றால் ஒன்றையும் நான்கையும் ஐந்தையும் சேர்த்துச் செய்யுங்கள்: தாளைக் கையில் கொடுக்கும்போதே பேச்சு, பேச்சு முடியும்போதே யார் எந்த நாள் போகிறார்கள் என்று ஷிஃப்ட் அட்டவணையில் எழுதிவிடுவது. பெயரை எழுதினால்தான் போவார்கள்.

நாற்பது, ஐம்பது பேர், பல ஷிஃப்ட், பல மொழி என்றால் முதலாளியே எல்லாரிடமும் பேச முடியாது. ஒவ்வொரு மொழிக்கும் ஆட்கள் நம்பும் ஒரு மூத்த தொழிலாளியைப் பிடித்து அவரை முதலில் விட்டாவுக்கு அனுப்புங்கள். பணம் வந்த பிறகு அவர் சொல்வதை நாம் சொல்வதோடு ஒப்பிடவே முடியாது.

ஆபீஸ் வேலை, நல்ல சம்பளம் என்றால் ஒன்றாவது வழி, மேலே ஒரு ஈமெயில். அதற்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை.

வீட்டில் ஆள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். 2025இல் ஒருவருக்கு ரொக்கமாக 2,800 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் நீங்கள் வீட்டு முதலாளி, டபிள்யூ-2 கொடுக்க வேண்டும். வீட்டு வேலையாளின் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பது கட்டாயமில்லை, இருவரும் ஒப்புக்கொண்டால்தான். அதனாலேயே பெரும்பாலான வீடுகளில் பிடிப்பதில்லை, அதனாலேயே நோட்டீஸ் கடமை நேராக உங்கள் மேல் விழுகிறது. ஆள் ஒருவர்தான் என்பதால் குழுவாகச் சொல்லும் வசதியும் இல்லை, ஆகவே தாளைக் கொடுத்து, "இதைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அக்கா, இலவச மையம் இங்கே இருக்கிறது, என்றைக்குப் போக வேண்டுமோ அன்றைக்கு நாங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோம்" என்று சொன்னால் போதும்.

காலக்கணக்கு ஒன்று மட்டும் மீதி. டபிள்யூ-2 ஜனவரி முடிவில். இஐடிசி உள்ள ரிட்டர்னுக்குச் சட்டப்படி பிப்ரவரி நடுவுக்கு முன் ரீஃபண்ட் விடமாட்டார்கள், ஆகவே "இரண்டே நாளில் பணம்" என்று கூப்பிடும் கடைகளிடம் அவசரப்பட்டு வட்டிக்கோ கட்டணத்துக்கோ மாட்ட வேண்டாம் என்று ஆட்களிடம் ஜனவரியிலேயே சொல்லுங்கள். பல விட்டா மையங்கள் ஏப்ரல் 15உடன் மூடிவிடும். ஆனால் ரீஃபண்ட் மட்டுமே வர வேண்டியவர் கெடுவுக்குப் பிறகு போட்டாலும் தாமத அபராதம் கிடையாது. ஜூனில் புதிதாகச் சேர்ந்தவர் "போன வருஷம் போடவே இல்லையே" என்று சொன்னால், கோடையில் திறந்திருக்கும் மையம் எது என்று 211இல் கேட்டு, அவரையும் ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்பிவையுங்கள்.